சாப்பிடும்போது மட்டும் வியர்த்த கன்னம்

முதலில் அதைக் கவனித்தது மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நான் ஆயம்மாவாக இருக்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுச்செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர்களுக்குச் சோறு ஊட்டி, தொட்டில்பிள்ளைகளைத் தொட்டிலிலும் மற்றவர்களைப் பாயிலும் தூங்கவைத்த பிறகுதான் நான் என் சாப்பாட்டைப் பிரிப்பேன். அன்று சோறும் பருப்பும் எலுமிச்சை ஊறுகாயும். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த அந்தப் பிள்ளை எழுந்து வந்து என் எதிரே குந்தி உட்கார்ந்தது. வெகுநேரம் என் முகத்தையே பார்த்தது.

"ஆயம்மா, ஒங்க பாதி மூஞ்சி மட்டும் அழுவுது" என்றது.

சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தொட்டேன். கை நனைந்தது. இடது காதுக்கு முன்னாலிருந்து தாடை வரைக்கும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வலது கன்னத்தைத் தொட்டேன். அது காய்ந்து கிடந்தது. வெளியே பனிமூட்டம் இறங்கி, மடுவத்துக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் குளிர். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை. முந்தானையால் துடைத்தேன். துடைத்த இடத்திலேயே மறுபடி ஊறியது. பயத்தில் சோற்றை மூடி வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் நின்றுபோனது. பிள்ளை என் மடியிலேயே தூங்கிவிட்டது. நான் அசையாமல் உட்கார்ந்து, கன்னம் காய்வதை உணர்ந்துகொண்டிருந்தேன்.

அதற்கு ஏழெட்டு மாதம் முன்னால்தான் எனக்கு ஓர் ஆபரேஷன் நடந்திருந்தது. காதுக்குக் கீழே, தாடை வளைகிற இடத்தில், ஒரு கட்டி. ஆரம்பத்தில் நெல்லிக்காய் அளவுதான். வலி இல்லை. வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. என் அக்காவுக்கும் அப்படித்தான் வலியில்லாமல் தொடங்கியது.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். பக்கத்து டிவிஷனில் கொழுந்தெடுத்தாள். வெற்றிலையும் புகையிலையும் ஒரு நிமிடம் வாயில் இல்லாமல் இருக்காது. நாக்குக்கு அடியில் ஒரு வெள்ளைப் புண்ணாக வந்தது, ஒன்றரை வருடத்தில் தொண்டையை அடைத்துவிட்டது. கடைசி இரண்டு மாதம் எங்கள் வீட்டில்தான் கிடந்தாள். மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயில் கஞ்சித் தண்ணீரும் பால்மாவும் ஊற்றுவேன். வாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. அவள் நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்தவள். தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்கள கிராமத்தில் ஒரு கூட்டாளியிடம் அம்புல்தியல் வைக்கக் கற்றிருந்தாள். கொறுக்காப் புளியை அரைத்து மீனில் பூசி, மண்சட்டியில் தண்ணீர் வற்ற வற்ற வேகவைத்துக் கறுக்க எடுப்பது. அந்தப் புளிப்பு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே அவள் கொண்டுவந்ததுதான்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், குழறிய பேச்சில் என்னிடம் ஒன்று கேட்டாள். "தங்கச்சி, என் முன்னால ஒக்காந்து சாப்பிடு. நான் பாக்குறேன்."

எனக்கு மனம் வரவில்லை. அவள் விடவில்லை. அன்றிலிருந்து பகல் சாப்பாட்டை, வீட்டுக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் என் வாயையே பார்ப்பாள். நான் மெல்லும்போது அவள் தாடை அசையும். நான் விழுங்கும்போது அவள் தொண்டை ஏறி இறங்கும். மூக்கிலிருந்த குழாயும் கூடவே அசையும். சில நாள் நான் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போதே "போதும்" என்று கையைக் காட்டுவாள். வயிறு நிறைந்துவிட்டதாம். நான் பசியோடு எழுந்துபோய்க் கை கழுவுவேன்.

அக்காவோடு வந்திருந்த அவளுடைய ஒரே மகள், அவள் போன பிறகும் எங்களோடேயே தங்கிவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. தகப்பன் எப்போதோ வேறு குடும்பம் தேடிப் போய்விட்டவர். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். அக்கா மகள் சமையலைப் பார்த்துக்கொண்டாள். ஆள் பற்றாத நாட்களில் கொழுந்துக்கும் போனாள். தன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுததையும் நான் பார்த்ததில்லை.

என் கட்டியை இரத்தினபுரியில் பெரியாஸ்பத்திரியில் எடுத்தார்கள். எச்சில் சுரக்கிற சுரப்பியில் வந்த கட்டி, கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் வந்தது. என் வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். காதுக்கு முன்னாலிருந்து கீழே வளைந்து கழுத்துக்குள் போகும் ஒரு தழும்பு மிஞ்சியது. காது மடலில் உணர்ச்சி போய்விட்டது. தோடு மாட்டும்போது வேறு யாருடைய காதையோ பிடித்திருப்பதுபோல் இருக்கும். அதுவும் பழகிவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோதுதான் கன்னம் வியர்க்கத் தொடங்கியது.

முதல் வாரம் யாரிடமும் சொல்லவில்லை. காரம் சாப்பிட்டால் யாருக்கும் வியர்க்கும்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் காரத்தைவிடப் புளிப்புக்குத்தான் அதிகம் வந்தது. பிறகு வாய்க்குள் வைக்கத் தேவையில்லாமல் போனது. வாசனை போதும். இன்னும் கொஞ்ச நாளில், மாங்காய் என்று யாராவது சொன்னாலே காதுக்கு முன்னால் சூடாகிச் சுரக்கும். கண்ணாடியில் பார்த்தேன். வலது பக்கம் நான். இடது பக்கம் வெயிலில் மலை ஏறி இறங்கிய யாரோ ஒருத்தி. மூக்குக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு பேரையும் பிரிப்பதுபோல் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சொட்டுகூட வலப்பக்கம் வராது.

கொரோனாக் காலத்து முகக்கவசங்கள் ஒரு பெட்டி வீட்டில் கிடந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லாவற்றுக்கும் போவதை விட்டேன். என் வீட்டுக்காரர் மிளகாயைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.  நான் சாப்பிடும்போதெல்லாம் அக்கா மகள் கதவருகே நின்று பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையிலும் ஒன்றுமில்லை, வாயிலும் ஒன்றுமில்லை, சாப்பாட்டு நினைப்பும் இல்லை. திடீரென்று கன்னம் சூடாகி, கொட்டத் தொடங்கியது. கவசம் நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அதுவரை வந்ததிலேயே அதுதான் அதிகம். பிள்ளைகளை உதவிக்கு இருந்தவளிடம் விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். கால் மணிநேரமாகியும் வியர்வை நிற்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் மண்சட்டி இருந்தது. அம்புல்தியல். அக்கா போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதை வைத்ததில்லை. எப்போது அடுப்பில் வைத்தாய் என்று கேட்டேன்.

"பத்து மணிக்கு" என்றாள் அக்கா மகள்.

மடுவம் மேட்டில் இருக்கிறது, எங்கள் லயம் பள்ளத்தில். வாசனை ஏறி வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று காற்று மலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பனி எங்கள் லயத்துப் பக்கம் உருண்டு போனதை நானே மடுவத்து வாசலில் நின்று பார்த்தேன்.

அவள் சோறு போட்டு, ஒரு துண்டு மீனை ஓரத்தில் வைத்து, தட்டை என் கையில் தந்தாள். எப்போதும் கதவருகே நிற்பவள் அன்று என் இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்ததுமே வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன். அவள் என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தொடைக்காதீங்க சின்னம்மா. மெதுவாச் சாப்பிடுங்க. அம்மாவுக்கு மெதுவாத்தான் முழுங்க முடியும்" என்றாள்.

கையிலிருந்த சோற்றுருண்டை அப்படியே நின்றது.  அவள் முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்த ஆள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல் ஓர் அமைதி. நான் அந்தத் தட்டை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் ஏதாவது புளிப்பு. கொறுக்கா இல்லாவிட்டால் புளி, புளி இல்லாவிட்டால் பிலிம்பிக்காய். நான் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் என் இடது பக்கத்தில் வந்து உட்காருவாள். கன்னம் நனையத் தொடங்கியதும் பேசுவாள். எனக்குச் சொல்வதுபோல் இருக்காது. என் காதுக்கும் கன்னத்துக்கும் நடுவே பார்த்துக்கொண்டு, அன்று கங்காணி ஏசியதையும், மலையில் அட்டை கடித்ததையும், புதுச் சட்டைக்குத் துணி எடுக்க வேண்டும் என்பதையும் தணிந்த குரலில் சொல்வாள். சில இடங்களில் பதிலுக்காக நிறுத்துவாள். அந்த நேரம் கன்னத்தில் ஒரு சொட்டு உருண்டு இறங்கினால் தலையை ஆட்டிக்கொள்வாள். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட்டார்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று அவர் ஒருமுறை கேட்டார். பாவம், தாயில்லாத பிள்ளை என்றேன். அது முழு உண்மை இல்லை. அவள் அப்படிப் பேசும்போது சில சமயம் எனக்கே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. சில சமயம், சாப்பாடு பாதியில் இருக்கும்போதே வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். தட்டைத் தள்ளிவிடுவேன். அக்கா "போதும்" என்று காட்டும் இடம் அதுதானோ என்று நினைப்பு ஓடும். அந்த வருடம் ஒன்பது கிலோ குறைந்தேன்.

அக்காவின் திவசம் வந்தது. நாங்கள் அக்காவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் கறிகளும் வெற்றிலையும் வைத்துப் படைத்தோம். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. லயத்துப் பெண்கள் நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். கற்பூரம் கொளுத்தி எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நான் கண்ணைத் திறந்தபோது அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது தோளில் சேலை நனைந்திருந்தது. பட்டினி வயிறு, முன்னால் ஒரு இலை நிறையச் சாப்பாடு, அதனால்தான் என்று இன்று என்னால் சொல்ல முடியும். அன்று அந்த அறையில் யாரும் அப்படி நினைக்கவில்லை. ஒருத்தி மெதுவாக இரண்டு கையையும் கூப்பினாள். அவள் கும்பிட்டது படத்தை இல்லை.

அடுத்த வாரம் லயத்தின் கோடி வீட்டுக்காரி வந்தாள். அவளுடைய மகன் ஆற்றில் குளிக்கப் போய் இறந்து மூன்று வருடம். ஒரு சின்னப் பெக்கட் க்ரீம் பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். வெகுநேரம் மழையைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியும் பேசினாள். பிறகு பெக்கட்டைப் பிரித்து ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"இது எம்மகனுக்குப் புடிச்சது ஆயம்மா. ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் என் இடது கன்னத்தையே பார்த்தாள். இனிப்பு பிஸ்கட். கன்னம் காய்ந்தே இருந்தது. இன்னொன்று தந்தாள். அதையும் சாப்பிட்டேன். கடவுளே, ஒரு சொட்டாவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஊறுகாயை நினைத்தேன், புளியை நினைத்தேன். வரும் நேரமெல்லாம் வேண்டாம் என்றாலும் வரும் அது, அன்று வரவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அவள் மீதிப் பிஸ்கட்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "அவனுக்கு இன்னும் எம்மேல கோவம்போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பிற்பகலே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா மகள்தான் கூட வந்தாள். பெல்மதுளையில் பஸ் மாறி இரத்தினபுரிக்குப் போகும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் இருந்தது ஒரு சிங்கள டொக்டர், வயது குறைந்த பெண். நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தினேன். சாப்பிட்டால் முகம் வியர்க்கிறது என்பதை வேறு மொழியில் சொல்லும்போது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. தழும்பைத் தொட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம், எதைச் சாப்பிட்டால், ஆபரேஷனுக்கு எத்தனை மாதம் கழித்து என்று நான் சொல்லாததையெல்லாம் முன்கூட்டியே தெரிந்தவர்போல் கேட்டார். ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார்.

என் இடது கன்னம் முழுக்க அயடின் பூசினார்கள். காய்ந்ததும் அதன்மேல் மாவைத் தூவினார்கள். ஒரு பாதி வெள்ளைவெளேர் என்று, கூத்துக்கு வேஷம் போட்டதுபோல் இருந்திருக்கும். நர்ஸ் ஒரு துண்டு எலுமிச்சையைக் கடிக்கத் தந்தார். கடித்தேன். ஊறுவது தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அக்கா மகளின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

டொக்டர் கண்ணாடியைத் தந்தார். வெள்ளை மாவுக்குள்ளிருந்து கருநீலம் கசிந்து வந்துகொண்டிருந்தது. முதலில் காதுக்கு முன்னால் புள்ளி புள்ளியாக. பிறகு புள்ளிகள் சேர்ந்து, கன்னத்தில் நான்கு விரலாகப் படர்ந்து, தாடைக்கடியில் திரண்டன. செத்துப்போன உடம்பில் பார்த்திருக்கிறேன் அந்த நிறத்தை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது.

"அம்மா கை" என்றாள் அக்கா மகள்.

டொக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. யாரோ பின்னாலிருந்து என் முகத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருப்பதுபோல்தான் இருந்தது. கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பய வென்ன எபா அம்மா" என்று டொக்டர் என் தோளைத் தொட்டார். பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். எச்சில் சுரப்பிக்குப் போகும் நரம்புகளை ஆபரேஷனில் வெட்டவேண்டி வந்தது. வெட்டிய நரம்பு சும்மா இருக்காது, மெல்ல மெல்ல வளரும். அது தேடிப் போகிற சுரப்பி இப்போது அங்கே இல்லை. தேடித் தேடித் தோலுக்கு வந்து, அங்கிருந்த வியர்வைச் சுரப்பியில் சேர்ந்துகொண்டது. சாப்பாடு வருகிறது என்று மூளை எச்சில் ஊறச் சொல்லும்போது, அந்தச் செய்தி வழி மாறிக் கன்னத்துக்குப் போகிறது. இந்த ஆபரேஷன் செய்த பலருக்கும் வருவதுதான், ஆபத்து இல்லை என்றார்.

நான் நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் ஓர் உயிருள்ள நூல் இல்லாத இடத்தைத் தேடி எனக்குள் மாதக்கணக்கில் ஊர்ந்து வந்திருக்கிறது என்று கேட்டபோது முதுகு சிலிர்த்தது. லயத்தில் சொன்னதற்கும் டொக்டர் சொன்னதற்கும் அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

முதலில் ஒரு தண்ணீர் மருந்து தந்தார்கள். படுக்கும் முன் கன்னத்தை நன்றாகக் காயவைத்துப் பூசி, விடிந்ததும் கழுவ வேண்டும். கொஞ்சம் குறைந்தது. ஆனால் தோல் சிவந்து எரிந்தது. இரண்டாம் முறை போனபோது டொக்டர் அதை நிறுத்திவிட்டு, ஊசி போடலாம் என்றார். நீலம் வந்த இடமெல்லாம் சின்னச் சின்னதாகக் குத்துவார்கள். நரம்பு சுரப்பியோடு பேசுவது நின்றுவிடும். எல்லாருக்கும் ஒரேபோல் இல்லை, சில மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து மறுபடி வரலாம், அப்போது மறுபடி போடலாம். மருந்து வந்ததும் போன் பண்ணுகிறோம் என்று நம்பரை எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பெல்மதுளையில் எங்கள் பக்கத்து பஸ்ஸுக்காக நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடையோரம் ஒதுங்கினோம்.  தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அக்கா மகள் கேட்டாள்.

"ஊசி போட்டா அம்மா எங்க போவாங்க?"

அவளுக்கு நரம்பைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். டொக்டர் வரைந்த தாள்கூடப் பையில் இருந்தது. அதற்குப் பதிலாக, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

அவள் அம்மா இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. மடுவத்தில் அன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், காலையிலிருந்து எனக்குச் சாப்பாடு இல்லை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அக்காவின் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு வாய்கூட ஆகவில்லை. போதும் என்று கையைக் காட்டினாள். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டு காலியாகும்வரை வேகவேகமாகச் சாப்பிட்டேன். பின்னால் அவள் ஏதோ குழறினாள். நான் திரும்பவில்லை. மறுநாள் நினைவு தப்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அதனாலதான் நீ பக்கத்துல ஒக்காந்து பேசினப்ப நான் தடுக்கல மக. அவ சாப்பிட வந்திருந்தா, சாப்பிட்டுப் போகட்டும்னு இருந்தேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அவள் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். இனிமேல் என்னோடு பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன். தோட்டத்துச் சந்தியில் இறங்கி மேட்டுப் பாதையில் பாதித் தூரம் நடந்த பிறகு நின்றாள்.

"நீங்க ஊசி போட்டுக்கங்க சின்னம்மா" என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்கும் அவங்க மேல கோவம் வந்திருக்கு. நான் வெளிய போயிருவேன். நீங்கதான் ஒக்காந்து இருந்தீங்க" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போய்த்தான் அவள் அழுதாள். நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து போன் வந்தது. மறுபடி அயடின், மறுபடி மாவு, எலுமிச்சை. இந்த முறை கண்ணாடி வேண்டாம் என்றேன். நீலத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, முகத்தைக் கழுவி, கோட்டுக்குள் இருபது முப்பது இடத்தில் மெல்லிய ஊசியால் குத்தினார்கள். தழும்புக்குப் பக்கத்தில் குத்தியது எனக்குத் தெரியவே இல்லை. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்தால் பயப்பட வேண்டாம், சரியாகிவிடும் என்றார்கள். இழுக்கவில்லை.

முதல் மூன்று நாள் வழக்கம்போல் வியர்த்தது. நான்காம் நாள் குறைந்தது. ஆறாம் நாள் பகல், சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டேன். கன்னம் காய்ந்தே இருந்தது. அக்கா மகள் கதவருகே நின்று பார்த்தாள். நான் பாதித் தட்டில் இருக்கும்போது அவள் உள்ளே போய்த் தனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். இஸ்தோப்பிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தட்டோடு உள்ளே வந்தார். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். எனக்கு என்னவோ வீட்டில் ஓர் ஆள் குறைந்ததுபோல்தான் இருந்தது. அன்று நான் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

கோடி வீட்டுக்காரியிடம் நானே போனேன். டொக்டர் வரைந்த தாளைக் காட்டி, இனிப்புக்கு அது வராது, அது என் நரம்பின் கோளாறு, உன் மகனின் கோபத்தால் இல்லை என்று சொன்னேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்பினாளா தெரியவில்லை. எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள்.

பத்து மாதம் நன்றாகப் போனது. அக்கா மகளுக்கு ஓப்பநாயக்கவில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. அங்கேயே கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள். போயா விடுமுறை நாட்களில் வருவாள். பிறகு ஒருநாள் மடுவத்தில் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தபோது காதோரம் மறுபடி சூடானது.

இரண்டாம் ஊசிக்கு நான் தனியாகத்தான் போனேன். அதே டொக்டர். நீலம் இந்த முறை அவ்வளவு பரவவில்லை. விரல்கள் மாதிரி இருந்ததெல்லாம் போய், கன்னத்தில் ஒரு திட்டும், காது மடலுக்குக் கீழே, தழும்பு வளைகிற இடத்தில், ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் தனியாக ஒன்றும். டொக்டர் பேனாவால் இரண்டையும் சுற்றினார்.

காதுக்குக் கீழே இருப்பதை விட்டுவிடச் சொன்னேன்.

ஏன் என்று கேட்டார். அது தொந்தரவில்லை, தலைமயிர் மறைத்துவிடும், எதற்கு வீணாக மருந்து என்றேன்.  அவர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, அந்தச் சின்ன வட்டத்தை மட்டும் அழித்தார்.

இப்போது கன்னம் வியர்ப்பதில்லை. புளிப்பாக ஏதாவது சாப்பிட்டால் காதடியில் ஒரு சொட்டு திரளும். யாருக்கும் தெரியாது. மெதுவாக மென்று, தட்டைக் காலியாக்கி, கை கழுவி வந்த பிறகுதான் அதைத் துடைக்கிறேன்.